எட்டுக் குண்டுகளின் நிழல்

எங்கள் தீவில், டெலானிபூர் மேட்டில் இருந்த ஒரு பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்த ஐந்தாம் மாதம், என் படத்தை நம்பி டாக்டர் ஒரு நோயாளியின் ஈறைக் கிழித்தார். படம் காட்டிய இடத்தில் வேர் இல்லை.

நாற்காலியில் இருந்தவர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நல்ல பருமன். மேல்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று எப்போதோ உடைந்து, வேரின் துண்டு மட்டும் ஈறுக்குள் தங்கி, மாதத்துக்கு ஒருமுறை கன்னத்தை வீங்கவைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் இருபது நிமிடம் தேடினார். பாயின் கால் விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்வதையே பார்த்துக்கொண்டு நான் தட்டைப் பிடித்து நின்றேன். கடைசியில் டாக்டர் தையல் போட்டு அவரை அனுப்பிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் என் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்கே இருக்குன்னு உன் படம் சொல்லுது. நான் அங்கேதான் போனேன். ஒரு அரிசி அகலம் தள்ளி எங்கேயோ இருக்கு அது. எந்தப் பக்கம் தள்ளின்னு யாருக்குத் தெரியும்?"

"நீங்க ஒட்டின சார்ட்டைப் பாத்துத்தான் சார் வச்சேன். அதே டிகிரிதான்."

"இது மூணாவது ஆளு. மத்தவங்களுக்கெல்லாம் சரியா வருது, மூணு பேருக்கு மட்டும் தப்பா வருதுன்னா, மெஷினா தப்பு பண்ணும்? மெஷினுக்கு ஆள் தெரியுமா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார்: "மெட்ராஸ்ல அனுபவமுள்ள பையன் ஒருத்தன் இருக்கான். அடுத்த கப்பல்ல வரச்சொல்லி எழுதப் போறேன். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சா நீ இரு. இல்லேன்னா நான் என்ன பண்றது, சொல்லு."

அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம் இருந்தது.

பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய பிலிமைப் பல்லுக்குப் பின்னால் வாய்க்குள் வைத்து, நோயாளியையே கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்வோம். சுவரில் பொருத்திய மெஷினின் கை வெளியே நீண்டு வந்து கன்னத்தைத் தொட்டு நிற்கும். அந்தக் கையில் ஒரு வட்டத்தகடு, அதில் டிகிரிக் கோடுகள். மேல்பல்லுக்கு இத்தனை, கீழ்ப்பல்லுக்கு இத்தனை என்று டாக்டர் எழுதி ஒட்டிய தாளைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். சாயங்கால வெயிலில் நம் நிழல் நம்மைவிட்டு எங்கோ போய் விழுகிறதில்லையா, அப்படித்தான். சாய்வு பிசகினால் வேரின் நிழலும் வேறிடத்தில் விழும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் கூட்டத்தில் இருந்தார். நான் மெட்ராஸில் இரண்டு வருஷம் எக்ஸ்ரே படித்துத் திரும்பியபோது, கராச்சர்மாவில் எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் கையை, காலை நீட்டி "உள்ளே என்ன இருக்குன்னு சொல்லு" என்றார்கள். அந்த வேலை ஐந்து மாதத்தில் போனால் அப்பா மறுபடி என்னை ஹேடோவுக்குக் கூட்டிப்போவார். திட்டமாட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முதலில் மெஷினைச் சந்தேகித்தேன். அது புதியதல்ல. மெட்ராஸில் யாரோ பயன்படுத்தியதை டாக்டர் வாங்கி, மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் வரவழைத்திருந்தார். பெட்டி கீழே விழுந்து தகடு நகர்ந்திருந்தால் முள் ஒன்றைக் காட்ட, மெஷின் வேறொன்றைப் பார்க்கும். பெட்டியை ஹேடோவில் இறக்கியது யார் என்று யோசித்தேன். அப்பாவின் கூட்டம்தான். எனக்கு வேலை கிடைத்ததும், "எம்மவன் மெஷினு, நான்தான் கூடநின்னு எறக்குனேன்" என்று ஊர்முழுக்கச் சொல்லியிருந்தார்.

சாப்பிடும்போது கேட்டேன். "அப்பா, அந்தப் பெட்டி இறக்கையில கீழ விழுந்துச்சா?"

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தவில்லை. "எந்தப் பெட்டி?"

"எக்ஸ்ரே பெட்டி."

"விழுந்தா உனக்குத் தெரியாதா? தலைமேல விழுந்திருந்தா ஒரு கூலிக்காரனாவது செத்திருப்பான்ல?"

"லேசா, ஒரு ஓரமா இடிச்சிருக்கலாம்ல..."

"இந்தா பாருடா. முட்டைன்னு எழுதியிருக்கிற கூடையக்கூட நாங்க அலுங்காம எறக்குவோம். உன் டாக்டரு கேக்கச் சொன்னாரா, நீயா கேக்குறியா?"

"நானாத்தான்."

"அப்பச் சரி" என்று கைகழுவ எழுந்தார். அதற்குப் பிறகு நாலு நாள் என்னிடம் பேச்சு அதிகம் இல்லை. அவர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம், அண்ணன் என்ற பொருளில் வங்காளிகள் வழக்கப்படி நாங்கள் தாதா என்று கூப்பிட்ட உதவியாளர் மேல். கிளினிக்கில் கருவிகளைக் கொதிக்கவைப்பது, டோக்கன் கொடுப்பது, தரை துடைப்பது எல்லாம் அவர்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நான் சேர்வதற்கு முன்னால் மெஷின் பட்டனை அழுத்தியவர் அவர்தான் என்றும், நான் வந்ததும் டாக்டர் அவரை விலக்கிவிட்டார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். தரை துடைக்கும் சாக்கில் ஒருத்தர் எதைத்தான் திருகிவிட முடியாது? ஒருநாள் சாயங்காலம் தகட்டுக்கும் முள்ளுக்கும் குறுக்காக ஒரு வெள்ளை நூலை மெழுகு தொட்டு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். முள் அசைந்தால் நூல் அறும்.

காலையில் நூல் அப்படியே இருந்தது. பக்கத்தில் தாதாவும் இருந்தார், வாளியுடன்.

"க்யா ரே, சி.ஐ.டி.?" என்றார். "மெஷினுக்குத் தாயத்தா? அச்சா ஹை, நல்லாயிருக்கு. எனக்கும் ஒண்ணு கட்டு, இடுப்புல வலி."

நான் தமிழன் என்பதால், எங்களிடம் பொறுக்கிய தமிழை இந்தியோடு கலந்துதான் அவர் என்னைக் கேலி செய்வார். அன்று காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நூலை எடுக்கவில்லை. நான்கு நாள் பார்த்தேன். நூல் அறவில்லை.

ஆட்களைச் சந்தேகித்துப் பிரயோஜனம் இல்லை, அளந்துதான் பார்க்க வேண்டும் என்று அதற்கப்புறம்தான் உறைத்தது. எங்கள் லைனில் இருந்த தச்சரிடம், எங்கள் தீவுக் காட்டில் விளையும் படாக் மரத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். தீப்பெட்டி அகலம், கனம் மட்டும் அதைவிட அதிகம், இரண்டு விரல் இருக்கும். நான்கு மூலையிலும் துளைபோட்டு, ஒவ்வொரு துளையின் இரண்டு வாயிலும் சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் குண்டு ஒன்றை இறுக்கி அடித்தேன். முன்முகத்தில் நாலு, பின்முகத்தில் நாலு, ஆக எட்டு. மெட்ராஸில் பழைய சாமான் கடையில் வாங்கிவைத்திருந்த வெர்னியர் காலிப்பரால் குண்டுக்குக் குண்டு தூரத்தை மூன்றுமுறை அளந்து எழுதிக்கொண்டேன்.

கணக்கு எளிமையானது. கட்டையின் பின்னால் பிலிமை வைத்து, மெஷின் நேராகப் பார்த்தால், முன்குண்டின் நிழல் பின்குண்டின் நிழல்மேலேயே விழும். எட்டுக் குண்டும் படத்தில் நாலாகத்தான் தெரியும். மெஷின் சாய்ந்து பார்த்தால் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பொய்.

டாக்டர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், நாற்காலியின் தலைசாய்க்கும் பலகையில் கட்டையைக் கட்டி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துப் படம் எடுத்தேன். இருட்டறையில் பிலிமைக் கழுவும்போது அது எட்டாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மெஷின்மேல் பழி போகட்டும், அப்பாவின் கூட்டத்தின்மேலேயே போனாலும் போகட்டும் என்றுகூட நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாலுதான் தெரிந்தது. சுத்தமான நாலு வட்டம். காலிப்பரை வைத்துப் பார்த்தேன். தூரங்கள் நான் எழுதிவைத்ததோடு ஏறக்குறைய ஒத்துப்போயின. வேறு டிகிரி வைத்துக் கட்டையையும் அதே அளவு சாய்த்து இன்னும் இரண்டு படம் எடுத்தேன். அவையும் அப்படியே.

மெஷின் யோக்கியம். பெட்டி விழவில்லை. தாதா எதையும் திருகவில்லை. பாக்கி நான் மட்டும்தான்.

அந்த மூன்று படத்தையும் நான் டாக்டரிடம் காட்டவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "கண்டுபிடிச்சியா?" என்று அவர் சாயங்காலம் கேட்டபோது "பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்றேன். பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் கராச்சர்மா வரும்வரை ஒரு கையால் அந்தப் பையைப் பொத்திக்கொண்டே வந்தேன், யாரோ எடுத்துப் பார்த்துவிடுவார்கள் என்பதுபோல. என் கை நடுங்குகிறதோ, கண் கோணலோ என்று வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு நேராகத்தான் வந்தது. அதையும் நம்பவில்லை.

தையல் பிரிக்க பாய் வந்தது கப்பலுக்கு ஆறு நாள் முன்னால். டாக்டர் தையலைப் பிரித்துவிட்டு, அவசரமாக ஒரு வீட்டுக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். பாய் எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டு என்னை அளந்து பார்த்தார்.

"இங்க வா தம்பி. உண்மையச் சொல்லணும். எம்பல்ல நீதானே மறச்சு வச்சே?"

"ஐயோ, இல்ல பாய்."

"பின்ன? டாக்டரு சொல்றாரு, படம் தப்பாம். நீ சொல்றே, டாக்டரு சார்ட்டுத்தானாம். தாதா சொல்றான், மெஷினுக்குத் தாயத்துக் கட்டியிருக்குதாம். நடுவுல கிழிபட்டது எவன் வாயி?"

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மரக்கட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், துணியின் நெசவைப் பார்க்கிற மாதிரி.

"இத எங்க வச்சு எடுத்தே?"

"இதே நாற்காலியில, தலை வைக்கிற பலகையில கட்டி."

"நான் இருக்கையிலயா?"

"இல்ல பாய். யாரும் இல்லாதப்ப."

"யாரும் இல்லாத கடையில தராசு எப்பவும் சரியாத்தான் நிக்கும்" என்றார். "எம் முன்னாடி எடு. எங் கண்ணால பாக்கணும். நீ உள்ள போயி வேற பிலிமக் கொண்டாந்து காட்டினா எனக்கு எப்படித் தெரியும்? தாதா, நீயும் கூடப் போ."

அவர் எழுந்திருக்கவில்லை. தலையை ஒதுக்கிக்கொண்டு, கட்டையைத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நீர்க்குமிழியால் மட்டம் பார்க்கும் குமிழ்மட்டத்தை வைத்துக் கட்டையை நேராக்க நினைத்தேன். அது தச்சரிடம் இருந்தது. பலகையோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன். தாதா காவலுக்கு இருட்டறைக்குள் வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். சிவப்பு விளக்கில் முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. அதன் பக்கத்தில், பாதி ஒட்டினாற்போல் இன்னொன்று.

எட்டு.

பாய் கையை அசைத்திருப்பார் என்று உடனே நினைத்தேன். எனக்கு அப்போது யாரைப் பார்த்தாலும் அதுதான் முதலில் தோன்றும். கட்டையை அவரிடமிருந்து வாங்கி, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியால் பலகையில் இறுக்கிக் கட்டி, அவரைச் சும்மா உட்காரச் சொல்லி எடுத்தேன். எட்டு. அவரை எழுந்து நிற்கச் சொல்லி, கட்டையைத் தொடாமல் எடுத்தேன். நாலு. மறுபடி உட்கார்ந்தார். எட்டு.

தாதா ஈரப் படங்களைக் கம்பியில் வரிசையாக மாட்டிவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஆத்மி மோட்டா, போட்டோ பீ மோட்டா! ஆள் குண்டு, படமும் குண்டு!"

"சிரிக்காதேய்யா, வாயி வலிக்குது" என்ற பாய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் தப்பாக வந்த மற்ற இரண்டு பேர் யார் என்று யோசித்தேன். ஒருவர் மரக் காண்டிராக்டர், கதவில் ஒருக்களித்துத்தான் நுழைவார். இன்னொருவர் போலீஸ்காரர், ஆறடி. சரியாக வந்ததெல்லாம் என்னைப் போன்றவர்களும் பெண்களும் பிள்ளைகளும்தான். "மெஷினுக்கு ஆள் தெரியுமா" என்று டாக்டர் கேட்டாரே, தெரிந்திருக்கிறது.

வாய் கொப்பளிக்கும் டம்ளரில் விளிம்பை ஒட்டித் தண்ணீர் ஊற்றி, நாற்காலியோடு பொருத்தியிருந்த தட்டில் வைத்தேன். "மெள்ள உக்காருங்க பாய்." அவர் உட்கார்ந்ததும் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. எழுந்தார், நின்றுவிட்டது. தரைவிரிப்பைப் புரட்டினேன். நாற்காலியின் இடதுகால் நின்ற பலகை, அவர் உட்கார்ந்தபோது ஓர் அங்குலம் கீழே போய், எழுந்தபோது மேலே வந்தது. மெஷினோ சுவரில், அசையாமல்.

இந்த இடத்தில்தான் எனக்கு என்மேல் ஆத்திரம் வந்தது. எங்கள் தீவில் கால் நட்ட மரவீடுகளில் பிறந்து வளர்ந்தவன் நான். தரை கிறீச்சிடுவதும் மிதித்தால் இறங்குவதும் எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. கூடத்தில் யார் நடக்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். கிளினிக்கும் அப்படி ஒரு மரவீடுதான், அதன் பலகைமேல் ஐந்து மாதம் நடந்திருக்கிறேன். படித்தது மெட்ராஸில், சிமெண்டுத் தரையில். அங்கே நாற்காலி அசையாது. ஆகவே முள் சொல்வதைக் கேட்டால் போதும் என்று படித்து வந்தேன். முள்ளைப் பார்த்தேனே தவிர, உட்கார்ந்திருப்பவர் சாய்ந்திருக்கிறாரா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு அடியில் ஊர்ந்துபோனோம், தாதாவும் நானும். நாற்காலிக்கு நேர்கீழே ஓடிய உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. விரலால் அழுத்தினால் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. அதற்குக் கீழே மண்ணில், ஒரு முட்டுக்கட்டை சரிந்து கிடந்தது. யாரோ ஏற்கெனவே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், மழையில் மண் கரைந்து அது விழுந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். படாக்கை அறுத்தால் ரம்பம் போட்ட முகம் ரத்தச் சிவப்பாக இருக்கும், நாள்பட நாள்படக் கறுக்கும். இதில் சிவப்பு இன்னும் போகவில்லை. ஒரு வருஷத்துக்குள் அறுத்தது.

"இது யார் வச்சது தாதா?"

"ஹம்கோ க்யா மாலூம்? எனக்குத் தெரியாது. அல்லா கசம்னு பாய் சத்தியம் பண்ணுவார்ல, அப்படிச் சொல்லணுமா?" அவர் முகத்தில் கேலி இல்லை. ஆனால் என் கையிலிருந்த கட்டையை அவர் இரண்டாம் முறை பார்க்கவும் இல்லை.

டாக்டர் வந்ததும் படங்களை வரிசையாகக் காட்டினேன், பைக்குள் மறைத்திருந்த மூன்றையும் சேர்த்து. அவர் குனிந்து பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், பாயை இரண்டுமுறை உட்காரவைத்து எழுப்பினார். முட்டுக்கட்டையை நீட்டியபோது மட்டும் கைநீட்டி வாங்கவில்லை.

"பழைய வீடு. குடியிருந்தவங்க யாராவது வச்சிருப்பாங்க. அதை விடு."

"இது புது வெட்டு சார்."

"விடுன்னேனே."

விட்டுவிட்டேன். டாக்டர் அந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முட்டு அதற்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். தரை இறங்குவது தெரிந்தே அவர் பழியை என் தலையில் வைத்தாரா, அல்லது வீட்டுக்காரர் தெரிந்து மறைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

தச்சர் வந்து புது உத்திரம் வைத்து, கீழே கல் அடுக்கினார். கட்டையை மறுபடி கட்டி, தாதாவையும் அப்பாவின் கூட்டாளி ஒருவரையும் ஒருவர் மடியில் ஒருவராக உட்காரவைத்துப் படம் எடுத்தேன். நாலு. மூன்றாம் நாள் பாய்க்குப் படம் எடுத்தேன். முள்ளைப் பார்த்துவிட்டு, தள்ளிப் போய் நின்று அவர் முகத்தையும் பார்த்தேன். டாக்டர் திறந்த இடத்திலேயே வேர் இருந்தது. பாய் அதை உள்ளங்கையில் வைத்து, பஞ்சு கடித்த வாயோடு, "இம்புட்டுண்டுக்கா இம்புட்டுப் பாடு?" என்றார்.

அன்று கதவைப் பூட்டும்போது டாக்டர் சொன்னார்: "மெட்ராஸ் பையனுக்கு வரவேணாம்னு தந்தி குடுத்துட்டேன். நீ இரு."

"சரி சார்" என்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள், எப்போது கொடுத்தார், நாள் முழுக்க இங்கேதானே இருந்தார் என்று தோன்றிவிட்டது.

கப்பல் வந்த காலையில் வேலைக்குப் போகாமல் ஹேடோவுக்குப் போனேன். வாசலுக்கு எதிரே நின்று இறங்கி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். குடும்பங்கள், ட்ரங்குப் பெட்டிகள், கூண்டில் கோழி. கண்ணாடி போட்ட ஒருத்தன், என் வயதுதான், கையில் பைலோடு வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேரே என்னிடமே வந்தான்.

"சார், டெலானிபூர் எப்படிப் போறது?"

"டெலானிபூர்ல எங்கே?"

"குவார்ட்டர்ஸ். மாமா பி.டபிள்யூ.டி.ல இருக்காங்க."

"நீங்க என்ன வேலை?"

"கிளார்க்குக்கு எழுதியிருக்கேன். ஏன் சார்?"

"எக்ஸ்ரே தெரியுமா?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வழி சொன்னேன். போகும்போது இரண்டுமுறை திரும்பிப் பார்த்தான்.

கடைசி ஆள் இறங்கி, சரக்கு இறக்கத் தொடங்கும்வரை நின்றேன். வேறு யாரும் கேட்டு வரவில்லை. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அப்பா என்னைப் பார்த்துவிட்டார். வேலைநேரத்தில் இங்கே ஏன் நிற்கிறான் என்ற கேள்வி அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் முகத்தில் தெரிந்தது. கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மேட்டில் ஏறி கிளினிக்கை அடைந்தபோது மணி பதினொன்றாகியிருந்தது.

"எங்கேப்பா போயிட்டே?" என்றார் டாக்டர். "உள்ளே மூணு பேர் உக்காந்திருக்காங்க. போ, போய்ப் படத்தை எடு."